துக்கிய்யீம்

துக்கிய்யீம்: எபிரேய விவிலியத்தில் 1 இராஜாக்கள் 10:22, 2 நாளாகமம் 9:21 ஆகிய இரு இடங்களில் மட்டுமே வரும் அரிய பன்மைப் பெயர்ச்சொல். மயில்கள் என்பது மரபுப் பொருள். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தர்ஷீஸ் கப்பல்கள் இஸ்ரவேல் அரசன் சாலொமோனுக்குக் கொணர்ந்த பொன், வெள்ளி, தந்தம், குரங்குகளுடன் இதுவும் இடம்பெறுகிறது.

சொற்பிறப்பு: தமிழ்த் ‘தோகை’யிலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. மொழியறிஞர் கால்டுவெல் தம் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூலில் (1856) இதை எடுத்துரைத்தார். எகிப்திய மொழியிலிருந்து வந்து குரங்கின் ஒரு வகையைக் குறிக்கும் சொல் என்பது விவிலிய அறிஞர் ஆல்பிரைட்டின் மாற்றுக் கருத்து. சில ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்புகள் இக்கருத்தைத் தழுவின. இக்கால எபிரேயத்தில் ‘துக்கி’ கிளியைக் குறிக்கும்.

இலங்கைத் தொடர்பு: மயில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய பறவை. எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் காலித் துறைமுகமே அக்கப்பல்கள் சென்ற தர்ஷீஸ் எனக் கருதினார். இது உறுதிப்படவில்லை.

இறையியல்: 1 இராஜாக்கள் 3:13இல் இறைவன் வாக்களித்த செல்வம் நிறைவேறியதை இப்பட்டியல் காட்டுகிறது. அரசன் வெள்ளியும் பொன்னும் மிகுதியாகச் சேர்க்கலாகாது என்னும் உபாகமம் 17:17உடன் ஒப்பிடுவோர், 11ஆம் அதிகாரத்தில் வரும் சாலொமோனின் வீழ்ச்சிக்கு முன்னறிகுறியாகவும் இதைக் கொள்வர்.