வெள்ளமும் மாற்றுத்துணியும்



பேராக் ஆற்றங்கரையில் அமைந்த அரச நகரம் கோலா கங்சார். 1877ஆம் ஆண்டில் அங்கு நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளுள் ஒன்று முதிர்ந்த மரமாக இன்றும் நிற்கிறது. அந்த ஊருக்கு வளம் தந்த ஆறே, 1926ஆம் ஆண்டின் இறுதியில் பெருவெள்ளமாகி அதை மூழ்கடித்தது. பின்னர், 1930இல் செண்டரோ அணையும், 1970களில் மேல் பேராக்கில் தெமெங்கோர் அணையும் எழுந்தன. ஆயினும் 2014 டிசம்பரில் ஆறு மீண்டும் கரை கடந்தது. மக்கள் நிவாரண மையங்களில் தஞ்சம் புகுந்தனர்.

வெள்ளத்துக்குத் தப்பி வருவோர் பெரும்பாலும் உடுத்திய துணியோடுதான் வருகின்றனர். மாற்றுடை, கைலி, போர்வை, துண்டு, குழந்தைகளுக்கு அணையாடை ஆகியவையே அவர்களின் உடனடித் தேவை. இவற்றைக் கொடுக்க நம்மிடம் மனம் உண்டு. ஆனால், கொடுப்பதற்கும் ஒரு முறை உண்டு என்பதை வரலாறு கற்பிக்கிறது.

2004இல் ஆழிப்பேரலை தாக்கிய நாகப்பட்டினத்துக்குப் பழந்துணி மூட்டைகள் மலைபோல் வந்து சேர்ந்தன. பல, பிரிப்பாரின்றிச் சாலையோரங்களில் கிடந்தன. உடைமைகளை இழந்தவர்க்குக் கந்தல் துணி உதவியாகுமா? 1999இல் டில்லியில் தொடங்கப்பட்ட 'கூஞ்ச்' அமைப்பு, இவ்வாறு தமிழகத்தில் தேங்கிய துணிகளைத் தரம் பிரித்துப் பயனுள்ளதாக்கியது. உடுக்க உதவாத பருத்தித் துணிகளைப் பெண்களுக்கான மாதவிடாய்த் துணிகளாக மாற்றியது.

எனவே நேயர்களே, என்ன தேவை என்று முதலில் கேட்டறிவோம். துணிகளைத் துவைத்து, காயவைத்து, ஆண், பெண், குழந்தை எனப் பிரித்துக் கட்டி, மேலே எழுதி அனுப்புவோம். மையத்தில் சோறு வடிக்க வேண்டிய கைகள் நம் மூட்டையைப் பிரிப்பதில் ஓய்ந்துவிடக் கூடாது. மூட்டை கட்டுமுன், நம் வீட்டு விருந்தினருக்கு இதை உடுத்தத் தருவோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். தரமாட்டோம் என்றால், அதை எடுத்து வைத்துவிடுவோம்.