புண்காத்த யாழும் பிணிதீர்க்கும் இராகமும்

1990களில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் ஒலிநாடாக் கடைகளுக்குச் சென்றோர், இன்ன பிணிக்கு இன்ன இராகம் என்று விளம்பிய நாடாக்களைக் கண்டிருப்பர். உறக்கமின்மைக்கு நீலாம்பரி, இரத்த அழுத்தத்திற்கு ஆனந்தபைரவி என்பன சபா உணவகங்களில் காப்பியோடு பரிமாறப்பட்ட செய்திகள். வயலின் மேதை குன்னக்குடி வைத்தியநாதன் (1935–2008) இராக ஆராய்ச்சி மையத்தின் தலைவராக இருந்து, இசை நோய் தணிக்கும் என்னும் கருத்தை வலியுறுத்தி வந்தார். அவரது ஆர்வம் மெய்யானது. ஆயினும் நோய்க்கு ஓர் இராகம் என்னும் பட்டியலுக்கு நம் மரபில் எவ்வளவு வேர் உண்டு என்பது ஆராயத்தக்கது.

பட்டியலுக்கு ஆதரவாகப் பெரிதும் காட்டப்படுவது முத்துசாமி தீட்சிதர் (1775–1835) பற்றிய செவிவழிச் செய்தி. மாணவர் தம்பியப்பன் கொடிய வயிற்றுவலியால் துன்புற்றாராம். வியாழனின் நிலையே காரணம் எனக் கண்ட தீட்சிதர், அடாணா இராகத்தில் ‘ப்ருஹஸ்பதே’ கீர்த்தனையை இயற்றிக் கற்பித்தார். அதைப் பாடிவந்த மாணவர் நலம் பெற்றார் என்பர். நடந்ததாகவே கொள்வோம். இங்கு மருந்து யாது? கோளை நோக்கிய வழிபாடு, ஆசானின் பரிவு, நாள்தோறும் தாமே பாடிய பயிற்சி ஆகியவற்றைத் தள்ளிவிட்டு இராகத்தை மட்டும் பிரித்தெடுக்க இயலுமா? அன்றியும் அடாணா வீறுமிக்க இராகம். வயிறு வலித்துக் கிடப்பவரை அமைதிப்படுத்த அதை எவரும் தேடிப்போகார்!

இதனினும் மிகப் பழைய சான்று, கவிஞர்களாகிய நமக்கு உரியது. புறநானூற்றின் 281ஆம் பாட்டில் அரிசில்கிழார் காட்டும் வீட்டில் தலைவன் விழுப்புண்பட்டுக் கிடக்கிறான். மனைவி தோழியை அழைக்கிறாள். மனையில் இரவந்தழையும் வேம்பும் செருகப்படுகின்றன. யாழோடு பல இயங்கள் ஒலிக்கின்றன. வெண்சிறுகடுகு தூவி, ஆம்பற்குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப்பண் பாடி, நறும்புகை எழுப்பிப் புண்ணைக் காக்க முனைகின்றனர். புண்பட்டோனைப் பேய் நெருங்காமல் மனைவி காப்பதைத் தொல்காப்பியம் தொடாக்காஞ்சி என ஒரு துறையாகவே வகுத்துள்ளது. மலைபடுகடாத்தில் புலி பாய்ந்த கணவரின் மார்புப்புண் தணியக் கொடிச்சியர் பாடுகின்றனர். அகநானூற்றின் 102ஆம் பாட்டிலோ, குறிஞ்சிப்பண் கேட்ட களிறு தினைக்கதிரை மறந்து நின்ற இடத்திலேயே உறங்கிவிடுகிறது. (காவற்காரர் அயர்ந்த நேரத்தில் பாட்டே காவலாயிற்று!) பண்ணின் பெயர் இவற்றுள் வருவது உண்மை. ஆயினும் பண்ணைத் தனியே பிழிந்து புட்டியில் அடைக்கவில்லை. பாடுபவர் அருகிலேயே இருக்கிறார். வேம்பும் மருந்தும் உடன் இருக்கின்றன.

அறிவியல் சொல்வது என்ன? லூசியானோ பெர்னார்டி குழுவினர் 2006இல் ‘ஹார்ட்’ இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டனர். இசைக்கலைஞர் 12 பேர், பிறர் 12 பேர். கேட்பித்த ஆறுவகை இசையில் இந்திய இராகமும் ஒன்று. காலப்பிரமாணம் விரைந்தபோது மூச்சும் நாடித்துடிப்பும் விரைந்தன. இசையின் வகையையும் கேட்போரின் விருப்பத்தையும்விட வேகமே மிகுதியாக வேலை செய்தது. வியப்பு இனித்தான்: இடையே இரண்டு நிமிடம் இசையை நிறுத்தியபோது, துடிப்பும் இரத்த அழுத்தமும் தொடக்க நிலைக்கும் கீழே தணிந்தன. அடிகளுக்கிடையே மௌனத்தை வைக்கத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இது வெறும் ஏட்டு வழக்கன்று. இராகத்தை நம்பி மாத்திரையை நிறுத்துவோர்க்குப் பட்டியல் தீங்கே செய்யும். இசைமருத்துவம் இன்று மருத்துவத்திற்குத் துணையாகவே பயிலப்படுகிறது. புதுச்சேரி ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில் அதற்கெனக் கல்வி, ஆய்வு மையமே உண்டு. நாடித்துடிப்புக்கு விருப்பு வெறுப்பு பெரிதன்று எனலாம். ஆனால் நோயாளி நாடித்துடிப்பு மட்டும் அல்லரே. ஆகவே பயிற்சி பெற்றோர் முதலில் அவருக்குப் பழகிய பாட்டு எது என்று கேட்டறிகின்றனர். மயிலையில் வளர்ந்த முதியவருக்கு அது மார்கழி விடியலில் மாடவீதியில் பாபநாசம் சிவன் பாடிச் சென்ற பாட்டாக இருக்கலாம். அடையாற்றில் வாழும் அவர் மகளுக்கு அது வானொலியில் கேட்ட திரைப்பாட்டாகவும் இருக்கலாம்.