ஸ்டார்ட் மெனுவை நம்ம வசதிக்கு மாற்றுவது எப்படி? இ-சேவை மையம் நடத்துவோர் முதலில் கவனிக்க வேண்டிய செட்டிங் இதுதான்!

சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் 15 கெடு. அந்த வாரத்தில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் எந்த இ-சேவை மையத்துக்குப் போனாலும் கூட்டம்தான். ஆதார், சிட்டா, அடங்கல், பேங்க் பாஸ்புக் என ஒவ்வொரு விவசாயியின் ஆவணமும் ஸ்கேன் ஆகி ஒரே கம்ப்யூட்டருக்குள் போகிறது.

அந்தக் கம்ப்யூட்டரில் ஸ்டார்ட் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பாருங்க. சற்று முன் திறந்த ஃபைல்களின் பெயர்கள் வரிசையாக நிற்கும். ஆதார் ஃபைலை ஆள் பெயரோடு சேமித்திருந்தால் அதுவும் தெரியும். கவுண்டரில் நிற்கும் அடுத்தவர் கண்ணிலும் படும். ஸ்டார்ட் மெனுவை நமக்கு ஏற்றபடி அமைக்க இந்த ஒரு காரணமே போதும்.

அடுத்தவர் ஃபைல் தெரியாமல் இருக்க என்ன செய்வது?

விண்டோஸ் 11-ல் இந்தப் பகுதிக்கு 'ரெகமண்டட்' என்று பெயர். அதை நிறுத்தும் வழி:

1. செட்டிங்ஸ் திறந்து, பெர்சனலைசேஷன், அதற்குள் ஸ்டார்ட் செல்லுங்கள்.
2. 'ஷோ ரெகமண்டட் ஃபைல்ஸ்' என்று தொடங்கும் வரியை ஆஃப் செய்யுங்கள்.

இவ்ளோதான். ஸ்டார்ட் மெனுவில் மட்டுமின்றி, ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வரும் சமீபத்திய ஃபைல் பட்டியலும் இதோடு நின்றுவிடும்.

ஆனால் ஒன்று: பட்டியல்தான் மறைகிறது, ஃபைல் அழியவில்லை. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அது அப்படியே இருக்கும். வேலை முடிந்ததும் ஃபைலைத் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட் பட்டனுடன் டெலீட் அழுத்துங்கள். ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாது. திரும்ப எடுப்பது கஷ்டம் என்பதால், ரசீது நகல் பிரின்ட் எடுத்த பிறகு செய்யுங்கள்.

மெனுவை இழுத்துப் பெரிதாக்க முடியுமா?

விண்டோஸ் 10-ல் முடியும். மெனுவின் ஓரத்தை மவுஸால் பிடித்து இழுத்தால் அகலமும் உயரமும் மாறும். மெனு திறந்திருக்கும்போது கன்ட்ரோல் பட்டனுடன் அம்புக்குறி பட்டனை அழுத்தினாலும் மாறும்.

2021 அக்டோபர் 5-ல் வெளியான விண்டோஸ் 11-ல் இந்த வசதி இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றது. அதனால் புது சிஸ்டத்துக்கு மாறிய பலரும் கேட்கும் முதல் கேள்வியே இதுதான். இழுக்க முடியாவிட்டாலும் மூன்று வழிகள் இருக்கின்றன.

- லேஅவுட்: அதே ஸ்டார்ட் பக்கத்தில் 'மோர் பின்ஸ்', 'டிஃபால்ட்', 'மோர் ரெகமண்டேஷன்ஸ்' என மூன்று தேர்வுகள் வரும். 'மோர் பின்ஸ்' கொடுத்தால் ஆப்களுக்கு ஒரு வரிசை கூடுதலாகக் கிடைக்கும்.
- ஸ்கேல்: செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே வழியே சென்று ஸ்கேல் அளவை 100-லிருந்து 125 சதவீதமாக்கினால், ஸ்டார்ட் மெனு உட்பட திரையில் உள்ள எல்லாமே பெரிதாகும். விண்ணப்பப் படிவம் திரைக்கு வெளியே ஓடினால் பழைய அளவுக்குத் திரும்பிவிடுங்கள்.
- டெக்ஸ்ட் சைஸ்: எழுத்து மட்டும் பெரிதாக வேண்டுமா? செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, டெக்ஸ்ட் சைஸ் செல்லுங்கள். 225 சதவீதம் வரை கூட்டலாம். கண்ணாடி போட்டும் சின்ன எழுத்து தெரியாத பெரியவர்களுக்கு இதுதான் சரி.

உங்க மெனுவில் இந்த லேஅவுட் தேர்வு இல்லையா?

அப்படியென்றால் 2025 இறுதியில் படிப்படியாக வரத் தொடங்கிய புதிய ஸ்டார்ட் மெனு உங்களுக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். இதில் எல்லா ஆப்களும் ஒரே பக்கத்தில், கீழே நகர்த்திப் பார்க்கும்படி இருக்கும். திரை பெரிதாக இருந்தால் மெனுவும் தானாகப் பெரிதாகும்.

ஆப் பட்டியலை வகை வாரியாகவோ, கட்டம் கட்டமாகவோ, அகர வரிசையாகவோ பார்க்கலாம். ரெகமண்டட் தொடர்பான எல்லாவற்றையும் ஆஃப் செய்தால் அந்தப் பகுதியே காணாமல் போய்விடும். பழைய மெனுவில் ஆஃப் செய்தாலும் அந்த இடம் காலியாகக் கிடக்கும்.

தினமும் திறக்கும் வெப்சைட்டை மெனுவில் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். பயிர்க் காப்பீடு, பட்டா சிட்டா, நெல் கொள்முதல் பதிவு என நாளுக்கு இருபது தடவை டைப் செய்யும் பக்கங்களை மெனுவிலேயே நிறுத்திவிடலாம். எட்ஜ் பிரவுசரில் அந்தப் பக்கத்தைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளியை அழுத்தி, 'மோர் டூல்ஸ்' உள்ளே 'பின் டு ஸ்டார்ட்' கொடுங்கள்.

இன்னொரு நன்மையும் உண்டு. தேடிப்போய் அரசு தளம் போலவே இருக்கும் போலிப் பக்கத்தில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து குறையும். ஆனால் பின் செய்யும் முன் முகவரியை ஒரு தடவை நிதானமாகச் சரிபாருங்கள்.

ஐகான் நிறைய சேர்ந்துவிட்டால், ஒன்றை இழுத்து இன்னொன்றின் மேல் விடுங்கள். ஃபோல்டராக மாறும். அதற்கு 'வேளாண்மை', 'வருவாய்த் துறை' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். தேவையில்லாத கேம், விளம்பர ஆப் ஐகான்களை ரைட் கிளிக் செய்து 'அன்பின்' கொடுத்தால் இடம் கிடைக்கும்.

ஸ்டார்ட் பட்டனைப் பழையபடி இடது மூலைக்குக் கொண்டுவர முடியுமா?

முடியும். செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், டாஸ்க்பார் சென்று, 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' உள்ளே அலைன்மென்ட்டை 'லெஃப்ட்' என மாற்றுங்கள். 1995-ல் வந்த விண்டோஸ் 95 காலத்திலிருந்து இடது மூலையிலேயே பழகிய கைக்கு இது பெரிய நிம்மதி.

மெனு தமிழில் வருமா?

வரும். 'டைம் அண்ட் லாங்குவேஜ்' பகுதியில் தமிழைச் சேர்த்து, டிஸ்ப்ளே மொழியாகத் தேர்ந்தெடுத்து, சைன் அவுட் செய்து உள்ளே வர வேண்டும். உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது 'சிங்கிள் லாங்குவேஜ்' பதிப்பு என்றால் டிஸ்ப்ளே மொழியை மாற்ற முடியாது. வாங்கும்போதே கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேறு சாஃப்ட்வேர் போடலாமா?

ஸ்டார்ட் மெனுவையே மாற்றிக் கொடுக்கும் ஓப்பன்-ஷெல், ஸ்டார்ட்11 போன்ற சாஃப்ட்வேர்கள் உண்டு. முதலாவது இலவசம், அடுத்தது கட்டணம். வீட்டு கம்ப்யூட்டரில் போடுவது உங்கள் விருப்பம். மக்களின் ஆவணம் புழங்கும் கம்ப்யூட்டரில், கண்ட தளத்திலிருந்து எதையும் இறக்காமல் விண்டோஸில் உள்ள செட்டிங்கையே பயன்படுத்துவது நல்லது.

வீட்டுக்கும் கடைக்கும் ஒரே கம்ப்யூட்டரா?

ஒவ்வொரு யூசர் அக்கவுண்டுக்கும் ஸ்டார்ட் மெனு தனித்தனி. பிள்ளைகள் படிப்புக்கு ஒன்று, மையத்தின் வேலைக்கு ஒன்று என இரண்டு அக்கவுண்ட் தொடங்கி, இரண்டுக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு வையுங்கள். மேலே சொன்ன மாற்றங்களை ஒவ்வொரு அக்கவுண்டிலும் தனியாகச் செய்ய வேண்டும். ரெகமண்டட் செட்டிங்கை ஒன்றில் ஆஃப் செய்தால் மற்றதில் தானாக ஆஃப் ஆகாது என்பதை மறந்துடாதீங்க.