சட்டம் பெயர் வைக்காத வண்டி: ‘சைடு வீல்’ ஸ்கூட்டரின் வரலாறு

கும்மிடிப்பூண்டி சிப்காட் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு ஓரமாகப் போகும் ‘சைடு வீல்’ ஸ்கூட்டரைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பின்சக்கரத்தின் இருபுறமும் இரும்புச் சட்டம் அடித்து மாட்டிய இரண்டு சக்கரங்கள். இருக்கையோரம் செருகிய ஊன்றுகோல். மற்ற ஸ்கூட்டர்கள் வளைவில் சாயும்; இது சாயாது. வேகத்தைக் குறைத்து ஹேண்டிலைத்தான் திருப்ப வேண்டும். பள்ளத்துக்கு விலகுவதும் கடினம். நடுச்சக்கரம் தப்பினால் ஓரச்சக்கரம் விழும். அரசு இதை ‘இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்’ என்று சொல்லி மாற்றுத்திறனாளிகளுக்கு விலையில்லாமல் வழங்குகிறது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தில் இதற்குப் பொருந்தும் பெயர் 2019 வரை இல்லை.

காரணம் 1939ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. பிரிட்டனின் 1930ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி, உடற்குறை உள்ளவருக்கான வாகனம் ‘தனியாக வடிவமைத்துக் கட்டப்பட்டதாக, வெறுமனே மாற்றியமைக்கப்படாததாக’ இருக்க வேண்டும் என்று அது வரையறுத்தது. பிரிட்டனில் அப்படிப்பட்ட வண்டி இருந்தது. பக்கவாதமுற்ற உறவினருக்காக பெர்ட் கிரீவ்ஸ் உருவாக்கிய ‘இன்வாகார்’ என்ற மூன்று சக்கர வண்டி, 1948 முதல் அரசு வழியாகவே மக்களுக்குக் கிடைத்தது. இங்கே யார் செய்து கொடுத்தார்கள்? வண்டியே இல்லாத நாட்டில் வண்டியின் வரையறை மட்டும் வந்து சேர்ந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் அதே வரையறையை எடுத்துக்கொண்டது.

மக்கள் காத்திருக்கவில்லை. 1984இல் வந்த கைனடிக் ஹோண்டாவில் கியரும் கிளட்சும் இல்லை. பொத்தானை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும். போலியோவால் கால் சூம்பியவருக்கு உதை தேவைப்படாத வண்டி என்பது எவ்வளவு பெரிய விடுதலை! மிச்ச வேலையை வெல்டிங் பட்டறைகள் பார்த்துக்கொண்டன. காரிலும் அப்படியே: ஒரே நெம்புகோலில் தள்ளினால் பிரேக், இழுத்தால் ஆக்சிலரேட்டர். 1998இல் திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்சரைத் தயாரிக்கத் தொடங்கியது. இன்று அங்கே சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன. கார் செய்யும் மாவட்டத்திலும் கைக்கட்டுப்பாடு வேண்டுமென்றால் மெக்கானிக்கைத்தான் தேட வேண்டியிருந்தது என்பது எனக்கு உறுத்துகிறது.

2000ஆம் ஆண்டுத் திருத்தம் நிலைமையை இறுக்கியது. தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டி மாறக் கூடாது என்றது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம்தான் ‘மாற்றியமைக்கப்பட்ட வாகனம்’ என்ற பெயரைத் தந்தது. முதலில் மாற்றிக்கொள்ளலாம், பிறகு பதிவு அதிகாரியின் ஒப்புதல் பெறலாம் என்றும் வழிவிட்டது. ‘வெறுமனே மாற்றியமைக்கப்படாததாக’ என்று 80 ஆண்டு ஒதுக்கி வைத்த சொல்லையே சட்டம் பெயராக ஏற்றுக்கொண்டது.

இதில் இன்னும் கவனிக்கப்படாத ஒன்று உண்டு. புதிய வரையறை ‘ஏதேனும் உடற்குறை’ என்கிறதே தவிர, அது போலியோவா, விபத்தா, வயோதிகமா என்று கேட்பதில்லை. மூட்டுத் தேய்ந்து கிளட்சை மிதிக்க முடியாத 65 வயதுக்காரருக்கும் அது பொருந்தும் என்பது என் வாசிப்பு. ஆனால் அவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போவது ஐந்தாண்டுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க. கையில் இருப்பது மருத்துவர் தரும் 1ஏ படிவம். கண் தெரிகிறதா, நிறம் பிரித்தறிகிறாரா, காது எவ்வளவு மந்தம், உறுப்பு இழப்பு உண்டா என்று அது கேட்கிறது. இடது காலுக்கு ஓய்வு கொடுக்கும் ஆட்டோமேட்டிக் கார் ஒன்று போதும், இன்னும் பல ஆண்டு பத்திரமாக ஓட்டலாம் என்று அவரிடம் சொல்ல அந்த மேசையில் யாரும் இல்லை.