தொழிற்சாலை மூடிய பிறகும் ஓடும் ஜாவா

ஜாவா என்றதும் இந்தோனேசியத் தீவு நினைவுக்கு வருகிறதா? இது வேறு ஜாவா. 1929இல் செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த ஜானெச்செக் என்பவர், ஜெர்மனியின் வாண்டரர் நிறுவனத்திடம் மோட்டார் சைக்கிள் தயாரிக்கும் உரிமையை வாங்கினார். இரண்டு பெயர்களின் முதல் எழுத்துகளும் சேர்ந்து 'ஜாவா' ஆனது.

1961இல் மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை இந்த வண்டிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. 1970களில் பெயர் யெஸ்டி என்று மாறியது. 1996இல் தொழிற்சாலையே மூடப்பட்டது. ஆனால் வண்டிகள் சாகவில்லை. ஏன்?

முதல் காரணம் எளிமை. டூ ஸ்ட்ரோக் எஞ்சின். வால்வு இல்லை, கேம் ஷாஃப்ட் இல்லை. கியர் லிவரை உள்ளே தள்ளித் திருப்பினால்... அதுவே கிக்கர்! சாதாரண ஸ்பேனர்களை வைத்துக்கொண்டு வீட்டு வாசலிலேயே பெரும்பாலும் பிரித்து மாட்டலாம்.

ஆனாலும் பல வருடம் நின்ற வண்டி சுலபத்தில் உயிர் பெறாது. பிஸ்டன் இறுகியிருக்கும், டேங்குக்குள் துரு, ஆயில் சீல்கள் காய்ந்திருக்கும். பாதியில் கைவிட்டு பழைய இரும்புக் கடைக்குப் போட்டவர்களும் உண்டு. அங்கேதான் இரண்டாவது காரணம் வருகிறது: மனிதர்கள். ஒருவர் தன்னிடம் உபரியாக இருக்கும் கார்புரேட்டரைத் தருவார். இன்னொருவர் பாயிண்ட் செட் பண்ணச் சொல்லித் தருவார். ஜூலை இரண்டாவது ஞாயிறு, ஜாவா தினத்தன்று, எல்லா வண்டிகளும் ஒன்றுகூடும்.

2018இல் ஜாவா பெயர் மீண்டும் சந்தைக்கு வந்தது. ஆனால் அது ஃபோர் ஸ்ட்ரோக். அதன் எஞ்சின் பாகங்கள் பழைய வண்டிக்குப் பொருந்தாது. பழைய ஜாவாவைக் காப்பாற்றுவது இன்றும் அதை வைத்திருப்பவர்களின் கையில்தான் இருக்கிறது.