மூளைவரை வந்த உப்பு

ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே பால்டிக் கடலில் ஊட்டோ என்றொரு தீவு. இரும்புச் சுரங்கம் இருந்த ஊர். அங்கே கிடைத்த பெட்டலைட் என்ற கனிமத்தை 1817-இல் வேதியியலாளர் யோஹான் ஆர்வெட்சன் பகுத்துப் பார்த்தார். எத்தனை கவனமாக நிறுத்தாலும் எடையில் கொஞ்சம் உதைத்தது. அதைத் துரத்திப் போனதில் அகப்பட்டது லித்தியம்.

பிறகு அது கீல்வாத மருந்தானது, அமெரிக்காவில் குளிர்பானத்தில் கலந்தது, இதய நோயாளிகளுக்குச் சாப்பாட்டு உப்புக்கு மாற்றாகவும் விற்றது. அதனால் சிலர் இறக்கவே, 1949-இல் அந்த மாற்று உப்புக்குத் தடை வந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில்தான், மேனியா எனும் மனவெறிக்கு லித்தியம் தருவது பற்றி மெல்போர்னைச் சேர்ந்த ஜான் கேடின் கட்டுரை வெளிவந்தது. சிங்கப்பூர் சாங்கி முகாமில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஜப்பானியரிடம் போர்க்கைதியாக இருந்து மீண்ட மனநல மருத்துவர் அவர். பண்டூரா மருத்துவமனையில் யாரும் பயன்படுத்தாத சமையலறைதான் ஆய்வுக்கூடம். வெறிக்கான காரணத்தை அவர் நோயாளிகளின் சிறுநீரில் தேடினார்; அதன் மாதிரிகள் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தன. லித்தியம் கார்பனேட் செலுத்திய கினிப் பன்றிகளை மல்லாக்கப் போட்டால், துள்ளிப் புரளாமல் அமைதியாக அவரையே பார்த்தன. மனிதருக்குக் கொடுக்குமுன் தானே விழுங்கிப் பார்த்தார். 1948 மார்ச்சில் மருந்தைப் பெற்ற முதல் நோயாளிக்கு வயது 51. ஐந்து ஆண்டுகளாக வெறி தணியாதிருந்தவர் சில மாதங்களில் வீடு திரும்பி, பழைய வேலைக்கும் போனார். பின்னர் நோய் திரும்பியது. 1950-இல் லித்தியம் நஞ்சாகி அவர் இறந்தார். அந்த மரணத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தக் கதை நேர்மையாகும்.

டென்மார்க்கில் மனநல மருத்துவர் மொகென்ஸ் ஷூ லித்தியத்தின் பலனை முறையான சோதனைகளால் நிலைநிறுத்தினார். வெறியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனநோயில் தற்கொலை ஆபத்து மிக அதிகம். 2013-இல் 48 சோதனைகளைத் தொகுத்த ஆய்வில், வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட லித்தியம் பெற்றவர்களிடம் தற்கொலைகள் குறைந்திருந்தன. முன்னாள் ராணுவத்தினர் 519 பேரிடம் நடந்த 2022-ஆம் ஆண்டு அமெரிக்கச் சோதனையில் அந்தப் பலன் தெரியவில்லை. விவாதம் தொடர்கிறது.

ஸ்கேன் அறைக்குள்ளும் லித்தியம் நுழைந்தது. 2000-இல் டெட்ராய்ட் ஆய்வாளர்கள், நான்கு வாரச் சிகிச்சைக்குப் பிறகு மூளையின் சாம்பல் நிறப்பகுதி கூடியதாகப் பதிவு செய்தார்கள். திசுவே வளர்ந்ததா, லித்தியம் ஸ்கேன் சமிக்ஞையை மாற்றிவிட்டதா என்ற கேள்வி உடனே பின்தொடர்ந்தது. வழக்கமான எம்.ஆர்.ஐ. ஹைட்ரஜனின் சமிக்ஞையைப் பிடிக்கும். லித்தியத்தின் அலைவரிசைக்கு மாற்றினால் விழுங்கிய மருந்தே படத்தில் தெரியும். இங்கிலாந்தின் நியூகாசிலில் அப்படி எடுத்த படங்களில், மருந்து மூளை முழுக்க ஒரே அளவில் பரவாமல் இடத்துக்கு இடம் மாறுபட்டிருந்தது.

தற்கொலை ஆபத்தின் தடயத்தையும் ஸ்கேனில் தேடினார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஹிலரி புளூம்பர்க் குழு 2017-இல் இருமுனை நோயுள்ள 68 இளையோரின் மூளையை ஆராய்ந்தது. தற்கொலைக்கு முயன்றிருந்த 26 பேரிடம், உணர்ச்சியை எழுப்பும் அமிக்டலாவுக்கும் அதைக் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதிக்கும் இடையிலான தொடர்பு நலிந்திருந்தது. இது குழுக்களுக்கிடையே உள்ள சராசரி வேறுபாடு. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய படத்தை மட்டும் வைத்து, இவர் ஆபத்தில் இருக்கிறார் என்றோ இல்லை என்றோ இன்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று நிம்மதியடையும் குடும்பங்களுக்கு இதை உரக்கச் சொல்ல வேண்டும்.

லித்தியம் எடுப்பவர்களைக் கண்காணிக்க மருத்துவர்கள் அன்றாடம் நம்புவது ரத்தப் பரிசோதனையைத்தான். கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள்; சிறுநீரகத்தையும் தைராய்டையும் சேர்த்துக் கவனிப்பார்கள். வயிற்றுப்போக்கு, நீரிழப்பு, சில வலி மாத்திரைகள் ஆகியவை லித்தியத்தின் அளவை நஞ்சு எல்லைக்கு ஏற்றிவிடும். மனம் தெளிந்துவிட்டதென்று மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. அதற்கடுத்த மாதங்களில் தற்கொலை ஆபத்து கூடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நிறுத்தியே தீர வேண்டுமென்றால், மருத்துவர் பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்கிறார்கள்.