ஃபுவென்தே ஒவெஹுனா: கிராமமும் நாடகமும்

ஸ்பெயினின் கோர்தோபா மாகாணத்திலுள்ள ஃபுவென்தே ஒவெஹுனா என்னும் சிற்றூர், மத்தியகால நிலமானிய அமைப்பின் முரண்பாடுகளை விளக்கும் சிறந்த சான்றாகும். கலத்திராவா என்னும் படைத்துறவியர் சபையின் உயரதிகாரியான ஃபெர்னான் கோமெஸ் டி குஸ்மானை இவ்வூரவர் 1476 ஏப்ரிலிற் கிளர்ந்தெழுந்து கொன்றனர்.

ரதேஸ் இ அந்திராதா 1572இல் வெளியிட்ட வரலாற்று நூல் இந்நிகழ்வைப் பதிவு செய்தது. அதனை ஆதாரமாகக் கொண்ட லோப்பே டி வேகாவின் நாடகம் 1619இல் அச்சேறியது. கொன்றவர் யாரெனக் கேட்டு வதைத்தபோதும், ஊரின் பெயரையன்றி வேறெப்பெயரையும் மக்கள் கூறாமை அதன் உச்சமாகும். இங்கு தனிமனிதனன்றி ஊர்மக்களே நாயகர்.

ஆயினும் நாடக முடிவு நுணுகி நோக்கற்பாலது. மன்னிப்பு அரசனிடமிருந்தே கிடைக்கின்றது. பிரபுவின் கொடுமைக்கு மாற்றாக முடியாட்சியே முன்வைக்கப்படுகின்றது. வரலாற்றிலும், அன்றைய வாரிசுரிமைப் போரும் இவ்வூர்மீது உரிமை கோரிய கோர்தோபா நகரின் நலன்களும் எழுச்சியோடு பிணைந்திருந்தன. மக்களின் கோபம் உண்மையானது. அதன் பயனைப் பெற வேறு அதிகார சக்திகள் காத்திருந்தன என்பதும் உண்மையே.

1933இல் லோர்க்காவின் 'லா பர்ராக்கா' குழு அரசன் வரும் காட்சிகளை நீக்கி இந்நாடகத்தை மேடையேற்றியது. அது மக்களின் குரலை மேலோங்கச் செய்தது. எனினும், அரசனை மேடையிலிருந்து நீக்குவதால் வரலாற்றிலிருந்து நீக்கிவிட முடியாது. அவன் ஏன் அங்கு தேவைப்பட்டான் என வினவுவதே ஆய்வாளனின் பணி.

அண்மைத் தசாப்தங்களில் அவ்வூரவரே தமது சதுக்கத்தில் இந்நாடகத்தை நடித்து வருகின்றனர். அவ்வூரைக் காணச் செல்வோருக்கு இதனினும் சிறந்த காட்சி வேறில்லை எனலாம்.